பழைய படச்சுருளை ஸ்கேன் செய்யும்போது: கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது?

வீட்டில் பழைய 8 மி.மீ. படச்சுருள்களை வைத்திருப்பவர்கள், அவற்றை வீடியோவாக மாற்றிக்கொள்ள இன்று மேசைமேல் வைக்கக்கூடிய சிறிய ஸ்கேனர்கள் கிடைக்கின்றன. ஒரு பக்கம் படச்சுருள், மறுபக்கம் காலி ரீல். பிலிம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர நகர, கருவி ஒவ்வொரு பிரேமையும் (சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப் படத்தையும்) தனித்தனியாகப் படமெடுத்து, எல்லாவற்றையும் வீடியோவாகக் கோத்துக் கொடுக்கும். சொல்வதற்கு எளிது. ஆனால் முதல் ரீலை ஓட்டிப் பார்த்தவுடன் பலருக்கும் மனம் சோர்ந்துவிடுகிறது. படம் மேலும் கீழும் குதிக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது, நடுவில் ஒரு கறுப்பு இழை அசையாமல் நிற்கிறது, முகங்கள் வெளுத்துப் போயிருக்கின்றன, எல்லோரும் அவசரமாக எங்கோ ஓடுவதுபோல நடக்கிறார்கள்.

இந்த நிலையில் பெரும்பாலோர் மெனுவுக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். சில நேரம் ஒன்று சரியாகி, வேறொன்று கெடுகிறது. அதைவிட மோசம், ஏற்கெனவே நைந்திருக்கும் பிலிம் திரும்பத் திரும்பக் கருவிக்குள் ஓடி மேலும் கிழிகிறது. இந்தக் கட்டுரை வலியுறுத்துவது ஒரே விஷயத்தைத்தான்: எதையும் மாற்றுவதற்கு முன், கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். பிலிமில் இருக்கலாம். பிலிமை நகர்த்தும் பொறியில் இருக்கலாம். விளக்கிலும் கேமராவிலும் இருக்கலாம். அல்லது கடைசியில் உருவாகும் வீடியோ கோப்பில் இருக்கலாம்.

கருவிக்குள் நடப்பது என்ன?

படச்சுருளின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கருவிக்குள் இருக்கும் சிறு உலோகக் கொக்கி, ஒரு துளைக்குள் நுழைந்து, பிலிமை ஒரு பிரேம் அளவுக்கு இழுத்துவிட்டு, வெளியே வந்து, மீண்டும் அடுத்த துளைக்குப் போகும். பிலிம் நிற்கும் அந்தக் கணத்தில், பின்னாலிருந்து எல்இடி விளக்கு ஒளி பாய்ச்ச, முன்னால் இருக்கும் சிறு கேமரா ஒரு படம் எடுக்கும். பிலிம் தட்டையாக அழுத்தப்பட்டு ஒளி வாங்கும் இந்தச் சிறு சாளரத்துக்குக் கேட் என்று பெயர். கேட்டைத் தாண்டிய பிலிமை, மோட்டாரில் சுழலும் காலி ரீல் சுற்றிக்கொள்ளும்.

வீட்டுக்கான கருவிகள் பொதுவாக விநாடிக்கு 2 பிரேம்கள் வேகத்தில்தான் நகரும். 8 மி.மீ. பிலிமின் ஒரு வகையான சூப்பர் 8-இன் 50 அடி சுருளில் 3,600 பிரேம்கள் உண்டு. ஆகவே 3 நிமிடம் 20 விநாடி ஓடும் படத்தை ஸ்கேன் செய்ய அரைமணி நேரம் ஆகும். 400 அடி ரீல் என்றால் 4 மணி நேரம். இதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். கொக்கி இழுக்க வேண்டும், பிலிம் அசைவு அடங்க வேண்டும், படம் பதிய வேண்டும்; அதற்கெல்லாம் நேரம் வேண்டும்.

திரையரங்கு புரொஜெக்டரைப் போலச் சூடான விளக்கு இதில் இல்லை என்பது ஒரு பெரிய ஆறுதல். பிலிம் சிக்கிக்கொண்டாலும் எரியாது. ஆனால் கொக்கி ஓயாது. நின்றுபோன பிலிமின் ஒரே துளையை அது விநாடிக்கு இரண்டு முறை பிறாண்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஸ்கேனரை ஓடவிட்டு வேறு அறைக்குப் போய்விடக் கூடாது.

முதலில் மூன்று சோதனைகள்

முதல் சோதனை, பிலிமே இல்லாமல் செய்வது. கேட்டை மூடி, விளக்கை எரியவிட்டு, கருவியின் சிறு திரையைப் பாருங்கள். சீரான வெள்ளையோ சாம்பல் நிறமோ தெரிய வேண்டும். அங்கே ஒரு இழை தெரிந்தால், அது கேட்டில் ஒட்டியிருக்கும் தூசி. ஒரு பக்கம் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், அது விளக்கின் அல்லது கேமராவின் குறை. திரை சுத்தமாக இருந்தால், பிறகு பிலிமில் தெரியும் கறைகளுக்கும் நிறக் கோளாறுக்கும் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது சோதனையை நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரே துண்டை இரண்டு முறை ஓட்டுங்கள். ரீலின் தொடக்கத்தில் சில அடி போதும். இரண்டு வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே காட்சியில், அதே இடத்தில் படம் குதித்தால், குறை பிலிமில் இருக்கிறது: கிழிந்த துளை, தடித்த ஒட்டு (இரண்டு துண்டுகளை இணைத்த இடம்), சுருங்கிய பகுதி. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் குதித்தால், பொறியில் இருக்கிறது: இழுவை சரியில்லை, கொக்கி நழுவுகிறது. எப்போதும் சீரான இடைவெளியில், ரீல் ஒரு சுற்று சுற்றும் தாளத்தோடு குதித்தால், ரீல் கோணலாக ஆடுகிறது. கருவித் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்து, கணினியில் மட்டும் தவறாகத் தெரிந்தால், கோப்பையோ வீடியோவை ஓட்டும் மென்பொருளையோ சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, படத்தின் விளிம்பைப் பார்ப்பது. கேமராவின் பெரிதாக்கும் அளவைக் குறைத்து, பிரேமைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரம் திரையில் தெரியும்படி வையுங்கள். காட்சியோடு சேர்ந்து கறுப்பு ஓரமும் ஆடினால், ஸ்கேனர் ஆடுகிறது. ஓரம் நிலையாக நிற்க, காட்சி மட்டும் ஆடினால், அன்று படம் எடுத்தவரின் கை ஆடியிருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்கேனரைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பத்துத் திருகுகளைத் திருகினாலும் அந்தக் கை நடுக்கம் போகாது. சொல்லப்போனால், போகவும் வேண்டியதில்லை. அது படத்தின் பகுதி.

கையில் இருப்பது எந்த பிலிம்?

8 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் இரண்டு வகைகள் இருக்கின்றன. 1932-இல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்தது சாதாரண 8 மி.மீ. வகை. 16 மி.மீ. அகல பிலிமைக் கேமராவில் ஒரு பக்கம் ஓட்டி, பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம் ஓட்டி, கழுவிய பின் நடுவில் இரண்டாக வெட்டி ஒட்டுவார்கள். அதே நிறுவனம் 1965-இல் கொண்டுவந்தது சூப்பர் 8. அதில் துளையைச் சிறிதாக்கி, படத்தைப் பெரிதாக்கினார்கள்.

துளையின் இடத்தைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். சாதாரண 8-இல் துளை பெரிது. இரண்டு பிரேம்கள் சந்திக்கும் கோட்டுக்கு நேராக இருக்கும். சூப்பர் 8-இல் துளை சிறிது. பிரேமின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கும். கண்ணுக்குச் சிறிய வேறுபாடுதான், ஆனால் கருவிக்கு இது உயிர்நாடி. சாதாரண 8-இல் ஒரு பிரேமிலிருந்து அடுத்த பிரேமுக்கு 3.81 மி.மீ. தூரம், சூப்பர் 8-இல் 4.23 மி.மீ. மெனுவில் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், மேல் பாதியில் ஒரு பிரேமும் கீழ்ப் பாதியில் அடுத்த பிரேமும் தெரியலாம். படத்தின் ஓரங்கள் வெட்டுப்படலாம். புதிதாகத் தொடங்குபவர் ‘படம் நடுவில் வரவில்லை’ என்று சொன்னால், நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

ரீலின் நடுத் துளையும் வேறுபடும். சாதாரண 8 ரீலில் சிறிய துளை, சூப்பர் 8 ரீலில் பெரிய துளை. பொருந்தாத ரீலை, கருவியோடு வரும் இடைவளையம் இல்லாமல் மாட்டினால் ரீல் தள்ளாடும்; மேலே சொன்ன தாளம் தவறாத குதிப்பு அங்கிருந்துதான் வரும்.

பெட்டியில் வேறு வகைகளும் கலந்திருக்கலாம். 1922-இல் வந்த 9.5 மி.மீ. பிலிமில் துளை ஓரத்தில் இல்லாமல் நடுவில், இரண்டு பிரேம்களுக்கு இடையே இருக்கும். 1923-இல் வந்த 16 மி.மீ. பிலிம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். 8 மி.மீ. கருவியில் இவற்றைத் திணிக்கக் கூடாது. எப்போதாவது, நடுவில் வெட்டப்படாமலே விட்டுவிட்ட பழைய 8 மி.மீ. சுருளும் கிடைக்கும்: அகலமான பிலிமில், இரண்டு வரிசைப் படங்கள் எதிரெதிர்த் திசையில் தலைகீழாக இருக்கும். அதையும் தனியே எடுத்து வையுங்கள். அதற்கு இந்தக் கருவி உதவாது.

பிலிமின் உடல்நிலை

டப்பாவைத் திறந்தவுடன் வினிகர் வாடை அடித்தால், அது வெறும் பழமையின் வாடை அல்ல. வீட்டு பிலிம்களில் பெரும்பாலானவை அசிடேட் என்னும் செல்லுலோஸ் அடித்தளத்தில் செய்யப்பட்டவை. ஈரத்தாலும் வெப்பத்தாலும் அந்த அடித்தளம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. வினிகரில் இருப்பதும் அந்த அமிலம்தான். வெளிவந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால், தொடங்கிய பிறகு அது வேகமெடுக்கும். பிலிம் சுருங்கும், வளையும், விறைக்கும், கடைசியில் உடையும். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, குளிர்ச்சியான, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்யும் வரிசையில் அதை முன்னால் கொண்டுவாருங்கள்.

சுருக்கத்தை வீட்டிலேயே அளக்கலாம். புதிய நிலையில், சூப்பர் 8-இல் 72 பிரேம்களும் சாதாரண 8-இல் 80 பிரேம்களும் சரியாக ஓர் அடி, அதாவது 304.8 மி.மீ. நீளம் வரும். பிலிமை இழுக்காமல், சுத்தமான மேசையில் தட்டையாக வைத்து, எண்ணி அளந்து பாருங்கள். 3 மி.மீ. குறைந்திருந்தால் சுருக்கம் 1 சதவீதத்தை எட்டிவிட்டது. கொக்கி எப்போதும் ஒரே தூரம்தான் நகரும். துளைகள் நெருங்கிவிட்ட பிலிமில் அது துளையின் நடுவில் விழாமல் ஓரத்தில் மோதும். அந்த நிலையில் வீட்டுக் கருவியில் ஓட்டுவதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.

1950-களின் தொடக்கம் வரை திரையரங்கு 35 மி.மீ. பிலிம்களில் பயன்பட்ட, தீப்பற்றக்கூடிய நைட்ரேட் வகையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அஞ்சுவதுண்டு. 8 மி.மீ. பிலிமுக்குத் தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத பாதுகாப்பு அடித்தளத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தப் பயம் இங்கே வேண்டாம்.

படம் குதிக்கிறது

வீட்டு ஸ்கேனர்களைப் பற்றி எழும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். காரணங்கள் பல; ஆனால் எல்லாமே ஓர் எளிய உண்மையிலிருந்து பிறப்பவை. கொக்கி பிலிமை இழுத்துவிட்டு வெளியே வந்த பிறகு, படம் பதியும் வரை பிலிம் அசையாமல் நிற்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் அதை முன்னாலோ பின்னாலோ இழுக்கும் எதுவும் குதிப்பாகத் தெரியும்.

பின்னாலிருந்து இழுப்பது, பிலிமைக் கொடுக்கும் ரீல். அது இறுக்கமாகச் சுழன்றால், கொக்கி விட்டவுடன் பிலிம் சற்றுப் பின்வாங்கும். இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸ்கேன் ஓடும்போது, கொடுக்கும் ரீலிலிருந்து கையால் சிறிது பிலிமை அவிழ்த்துத் தளர்வாக விடுங்கள். தளர்வு இருக்கும்வரை படம் நிலையாக நின்று, அது தீர்ந்ததும் மறுபடி குதித்தால், குற்றவாளி கிடைத்துவிட்டான். ரீல் அச்சில் தூசி அடைந்திருக்கலாம். ரீலின் பக்கத் தகடு வளைந்து பிலிமைக் கவ்விக்கொண்டிருக்கலாம். பல ஆண்டுகள் இறுகச் சுற்றியிருந்த பிலிம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். பிலிமை வேறொரு நல்ல ரீலுக்குக் கையால் மெதுவாக மாற்றிச் சுற்றினாலே பாதிப் பிரச்சினைகள் தீர்ந்துவிடும். எந்தச் சுருளையும் ஸ்கேன் செய்வதற்கு முன் ஒரு முறை இப்படிச் சுற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சுற்றும்போது விரல் நுனியில் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போனால், கிழிந்த துளையும் பிரிந்த ஒட்டும் கருவிக்குள் போகும் முன்பே கைக்குத் தட்டுப்படும்.

முன்னாலிருந்து இழுப்பது, சுற்றிக்கொள்ளும் ரீல். அது அதிகமாக இழுத்தால் கொக்கி விட்ட நேரத்தில் பிலிம் முன்னோக்கி நழுவும். போதுமான அளவு இழுக்காவிட்டால் கேட்டுக்குப் பின்னால் பிலிம் குவிந்து சிக்கும். ரீல் நிறைய நிறைய, அதன் எடையும் விட்டமும் மாறுவதால் இழுவையும் மாறும். ரீலின் தொடக்கத்தில் நன்றாக இருந்து, முடிவை நெருங்க நெருங்கக் குதிப்பு கூடினால், இதை நினைத்துப் பாருங்கள். பெரிய ரீலுக்குப் பதிலாகச் சிறிய ரீல்களில், பகுதி பகுதியாக ஓட்டுவது பலன் தரும்.

இடையில் பிலிம் செல்லும் பாதையையும் மறக்கக் கூடாது. வழிகாட்டிக் கம்பங்களில் ஒன்றைத் தவறவிட்டு மாட்டினால், பிலிம் கோணலாகக் கேட்டுக்குள் நுழையும். கருவியில் அச்சிட்டிருக்கும் பாதைப் படத்தோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்டின் மூடி கிளிக் என்று பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி சரியாக அழுத்தாவிட்டால் பிலிம் உள்ளே மிதக்கும். படம் குதிப்பதோடு மங்கலாகவும் வரும்.

அடுத்தது ஒட்டுகள். படம் எடுத்தவர்கள் சிறு சுருள்களை வெட்டி ஒட்டி நீளமான ரீலாக்கியிருப்பார்கள். பசை போட்டு ஒட்டிய இடம் காய்ந்து பிரியும். டேப் போட்டு ஒட்டிய இடத்தில் பசை ஓரங்களில் கசிந்து பிசுபிசுக்கும். இரண்டும் கேட்டில் தடுக்கும். பிரியத் தொடங்கிய ஒட்டைக் கழற்றி, பிலிமுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒட்டு டேப்பால் புதிதாக ஒட்ட வேண்டும். வீட்டில் காகிதம் ஒட்டும் செல்லோ டேப்பைப் பயன்படுத்தாதீர்கள். அதன் பசை பரவி, அடுத்த சுற்றுப் படங்களோடும் ஒட்டிக்கொள்ளும், துளைகளையும் மூடிவிடும். துளை கிழிந்த இடத்துக்கும் துளையிட்ட டேப் கிடைக்கிறது. ஒட்டு கேட்டைக் கடக்கும் நேரத்தில் மட்டும் அருகில் இருந்து, தேவைப்பட்டால் கருவியை நிறுத்தி, கேட்டைத் திறந்து, பிலிமைக் கையால் இரண்டு பிரேம் தள்ளிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பிலிமை ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மெல்லிய ஆட்டம் மிச்சமிருக்கும். வீட்டுக் கருவிகளின் கொக்கி அவ்வளவு நுட்பமானதல்ல. அந்த மிச்சத்தைக் கணினியில் நிலைப்படுத்தலாம். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்களில் அதற்கு வசதி உண்டு. ஆனால் பிரேமின் கறுப்பு ஓரத்தை நிலையான புள்ளியாகக் காட்டி நிலைப்படுத்துங்கள். காட்சியையே பார்த்து நிலைப்படுத்தச் சொன்னால், கேமரா வேண்டுமென்றே திரும்பிய இடங்களையும் மென்பொருள் தடுத்து நிறுத்தப் பார்க்கும். படம் விசித்திரமாக இழுபடும். ஸ்கேன் செய்யும்போதே ஓரத்தைச் சேர்த்து எடுக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

இழை, புள்ளி, கோடு

ஒரு பிரேமில் மட்டும் மின்னி மறையும் புள்ளி, பிலிமில் ஒட்டியிருக்கும் தூசி. எல்லாப் பிரேமிலும் ஒரே இடத்தில் நிற்கும் இழை, கேட்டில் இருப்பது. இங்கே ஒரு நுட்பம் உண்டு: அந்தக் காலத்துக் கேமராவின் கேட்டில் இருந்த தூசியும் படத்தோடு சேர்ந்து பதிந்திருக்கும். அந்த ஒரு சுருளில் மட்டும் இழை தெரிந்து, அடுத்த சுருளில் தெரியாவிட்டால், அது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தூசி. உங்கள் கருவியை எவ்வளவு துடைத்தாலும் போகாது.

கேட்டைக் காற்று ஊதியாலும் மென்தூரிகையாலும் சுத்தம் செய்யுங்கள், ஒவ்வொரு ரீலுக்கும் முன். வாயால் ஊதினால் எச்சில் துளிகள் படியும். பிலிமைச் சுத்தம் செய்ய, நீர் கலக்காத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இழை உதிராத துணியில் சிறிதளவு நனைத்து, ரீலிலிருந்து ரீலுக்குச் சுற்றும்போது துணிக்கு நடுவே பிலிம் மெல்ல ஓடும்படி பிடிக்கலாம். துணியின் அழுக்கான பகுதியை அடிக்கடி மாற்ற வேண்டும். பிலிம் காய்ந்த பிறகே ரீலில் படிய வேண்டும். முதலில் படமில்லாத முன்துண்டில் சோதித்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். தண்ணீர் பக்கமே போகாதீர்கள். படம் இருக்கும் ஜெலட்டின் படலம் ஊறி உரிந்துவிடும்.

நீளவாக்கில் ஓடும் கோடுகள் கீறல்கள். பளபளப்பான அடித்தளப் பக்கத்தில் விழுந்த கீறல் கறுப்பாகத் தெரியும். படம் இருக்கும் பக்கத்தில் விழுந்தது வெள்ளையாகவோ நிறக் கோடாகவோ தெரியும். பழைய கீறல்களை ஸ்கேனர் நீக்காது. ஆனால் இரண்டு முறை ஓட்டும் சோதனையில், இரண்டாவது ஓட்டத்தில் முன்பு இல்லாத கோடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்: கேட்டில் ஏதோ பிலிமைக் கீறுகிறது.

வெளிச்சமும் நிறமும்

தானியங்கி ஒளியளவு ஒவ்வொரு பிரேமையும் தனியாக அளந்து மாற்றும். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் காட்சிக்குள் நடந்து வந்தாலே பின்னணி முழுவதும் இருண்டு, அவர் போனதும் மீண்டும் வெளுக்கும். கைமுறை அமைப்பு இருந்தால், ஒரு சுருள் முழுவதற்கும் ஒரே அளவை நிலையாக வையுங்கள். இல்லாவிட்டால், ஒளியளவை அரைப் படி குறைத்து வையுங்கள். சற்று இருளாக வந்த படத்தைக் கணினியில் பெருமளவு மீட்கலாம். முழுவதும் வெளுத்துப்போன முகத்தில் மீட்பதற்கு எதுவும் இருக்காது. வெயிலில் எடுத்த முகங்களும் வெள்ளை உடைகளும் வெளுக்காமல் இருக்கின்றனவா என்பதை வைத்தே அளவை முடிவு செய்யுங்கள்.

கூர்மை அமைப்பை மிகக் குறைவில் வைப்பது நல்லது. அது விவரத்தைக் கூட்டுவதில்லை. விளிம்புகளில் வெள்ளைக் கோடு போட்டு, பிலிமின் மணிகளை (படத்தில் தெரியும் நுண்துகள்களை) முரடாக்குகிறது. பின்னால் கணினியில் கூர்மை சேர்க்கலாம்; கருவி சேர்த்ததை எடுக்க முடியாது.

படம் சிவந்து போயிருந்தால், முதல் சோதனையை நினைவுகூருங்கள். காலி கேட் சுத்த வெள்ளையாகத் தெரிந்தால், சிவப்பு பிலிமில் இருக்கிறது: வண்ணச் சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் பல பிலிம்களில் முதலில் மங்கிவிடுவதால், மிஞ்சுவது செம்மை. கோடாக்ரோம் பிலிம் இதற்கு விலக்கு. இருட்டில் வைத்திருந்தால் அதன் நிறங்கள் வியக்கத்தக்க அளவு நிலைத்திருக்கும். 8 மி.மீ. அளவில் 1936-இல் வந்த அது அடர்த்தியானது, இருள் பகுதிகள் ஆழமானவை. ஆகவே மற்ற சுருள்களுக்குப் பொருந்திய ஒளியளவு அதற்குப் பொருந்தாது.

எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தால், பிலிம் மறுபக்கமாக மாட்டப்பட்டிருக்கிறது. நீச்சல்காரர் தண்ணீரிலிருந்து பலகைக்குத் தாவினால், சுருள் வால் முன்னாக இருக்கிறது. மறுபடி சுற்றிவிட்டு ஓட்டுங்கள். இரண்டையும் கணினியில் திருத்திவிடவும் முடியும், ஆகவே நைந்த பிலிமை இதற்காக இன்னொரு முறை ஓட்ட வேண்டாம்.

வேகமும் கோப்பும்

மனிதர்கள் அவசரமாக நடப்பதற்குக் கருவியின் பழுது காரணமல்ல. சாதாரண 8 கேமராக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 16 பிரேம்களிலும், மௌன சூப்பர் 8 கேமராக்கள் 18 பிரேம்களிலும் எடுத்தன. வீட்டு ஸ்கேனர்களில் பல, எந்த பிலிமாக இருந்தாலும் விநாடிக்கு 20 பிரேம் வீதம் கோப்பை எழுதுகின்றன. ஆகவே சூப்பர் 8 படம் ஏறக்குறைய 11 சதவீதமும், சாதாரண 8 படம் 25 சதவீதமும் வேகமாக ஓடும். வீடியோ மென்பொருளில் வேகத்தை முறையே 90 சதவீதமாகவும் 80 சதவீதமாகவும் குறையுங்கள். புதிய பிரேம்களைக் கற்பனை செய்து சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு, இருக்கும் பிரேம்களை மெதுவாக ஓடவிடுவது போதும். ஒரு குழந்தையின் முதல் நடை சரியான வேகத்தில் திரும்ப வருவதைப் பார்க்கும்போது, இந்தச் சிறு திருத்தத்தின் அருமை தெரியும்.

கோப்பே திறக்காவிட்டால், பெரும்பாலும் பதிவு முறையாக முடியவில்லை என்று பொருள். எம்பி4 கோப்பில் பிரேம்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். மின்சாரம் நின்றாலோ நிறுத்தும் பொத்தானை அழுத்தாமல் அணைத்தாலோ அந்த அட்டவணை இல்லாமல் போகும். வீடியோ பதிவாகும் எஸ்டி கார்டைக் கணினியில் அல்லாமல் கருவியிலேயே ஃபார்மாட் செய்யுங்கள். பழைய கருவிகளில் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகளைப் படிக்காது. அந்த அளவு வரையிலான கார்டுகளின் அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டவும் முடியாது. நீளமான ரீலைப் பகுதிகளாகப் பதிவு செய்தால் இந்தத் தொல்லைகள் எல்லாவற்றிலிருந்தும் தப்பலாம்.

ஒலி வரவில்லையே என்று தேட வேண்டாம். 1973 முதல் வந்த ஒலி சூப்பர் 8 பிலிமின் ஓரத்தில் பழுப்பு நிறக் காந்தக் கோடு இருக்கும். அதில் ஒலி, தனக்குரிய படத்துக்கு 18 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். நின்று நின்று நகரும் ஸ்கேனரால் அதைப் படிக்க இயலாது. அந்தக் கோடு உள்ள சுருள்களைத் தனியாக எடுத்து வைத்து, ஒலி எடுக்கும் வசதியுள்ள ஆய்வகத்திடம் கொடுங்கள்.

அதே ஆய்வகத்துக்குப் போக வேண்டிய வேறு சில சுருள்களும் உண்டு: 1 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவை, வினிகர் வாடை கண்ணை எரிக்கும் அளவுக்கு இருப்பவை, தொட்டால் உடைபவை, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டவை. தொழில்முறை ஸ்கேனர்களில் பல, துளையில் கொக்கி மாட்டாமல் உருளைகளால் பிலிமை நகர்த்தி, துளையின் இடத்தை ஒளியால் கண்டறிகின்றன. வீட்டுக் கருவி கிழித்துவிடக்கூடிய பிலிமை அவை பத்திரமாகக் கடத்திவிடும். ஸ்கேன் முடிந்த சுருள்களையும் தூக்கி எறியாதீர்கள். காற்று புகும் பெட்டியில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில், எந்தச் சுருளிலிருந்து எந்தக் கோப்பு வந்தது என்று ரீலின் மேல் எழுதி வையுங்கள். இன்னும் நல்ல கருவி கையில் கிடைக்கும்போது, அந்த பிலிமிலிருந்து மறுபடி எடுக்கலாம்.